கடைசியாகத் தண்ணீர் கேட்டார்

1. கேஷுவாலிட்டி

"சிஸ்டர், டிரைவர் அண்ணனப் பாருங்க சிஸ்டர்!"

ஸ்ட்ரெச்சரோடு கத்திக்கொண்டே ஓடி வந்தவள் பாண்டியம்மாள், ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவள். சேலை முழுக்கச் சேறு, உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் அந்தோணி. போடிமெட்டு ரோட்டில் வேலையாட்களை ஏற்றி இறக்கும் ஜீப் டிரைவர்.

நான் அப்போது போடி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பலகை மாதிரி விறைத்திருந்தது. பிபி இறங்கிக்கொண்டே வந்தது.

"உள்ள பிளீடிங் இருக்கு. தேனிக்கு ரெஃபர் பண்ணுங்க, உடனே ஆபரேஷன் பண்ணியாகணும்" என்றார் டியூட்டி டாக்டர். "நீங்களே கூடப் போங்க. வாய் வழியா ஒரு சொட்டுக்கூடக் குடுத்துராதீங்க."

இரண்டு கையிலும் டிரிப் ஏற்றிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். பாண்டியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவளையும் ஏற்றிக்கொண்டோம். சிலமலையில் இருந்த அவர் மனைவிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லி, நேராகத் தேனிக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

2. ஆம்புலன்ஸ்

நடந்ததை வழியில் பாண்டியம்மாள்தான் சொன்னாள். மழையில் ரோட்டோரம் கரைந்திருந்தது. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது ஜீப்பின் முன்சக்கரம் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிட்டது. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. அந்தோணி கால்பிரேக்கை அழுத்தியபடியே, பின்னால் இருந்த பெண்களைக் குதிக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொருத்தியாகக் குதிக்கக் குதிக்கப் பின்பக்கம் கனம் குறைந்து மேலே எழும்பியிருக்கிறது.

"கடைசியா நான் மட்டும் இருந்தேன் சிஸ்டர். நானும் எறங்குனா வண்டி போயிரும்ணேன்னு சொன்னேன். 'தெரியும் ஆத்தா, வெரசா எறங்கு'ன்னு அதட்டுனாரு."

அவள் கால் தரையில் பட்டதும் ஜீப் கவிழ்ந்துவிட்டது.

அந்தோணி கண்ணைத் திறந்தார். "எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டோம்ணே. ஒருத்திக்கும் ஒண்ணும் இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பி, "தாகமா இருக்கு சிஸ்டர். தண்ணி குடுங்க" என்றார்.

பாண்டியம்மாள் தன் பாட்டிலை நீட்டினாள். "ஒரு மடக்குதான் சிஸ்டர். குடுங்க."

நான் வாங்கவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவர் தண்ணீர் குடித்திருந்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்கு ஏறிவிடும். அவரைப் பிழைக்க வைக்க எனக்குத் தெரிந்த வழி மறுப்பது ஒன்றுதான். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். அதைச் சப்பினார். "தண்ணி" என்றார் மறுபடியும். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

தேனிக்குள் நுழைந்தபோது நாடி கைக்குக் கிடைக்கவில்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அங்கேயும் போராடிப் பார்த்தார்கள்; உயிர் திரும்பவில்லை.

3. வராந்தா

அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா வந்திருந்தார். நான் அவரிடம் போவதற்குள் ஸ்டெல்லாவின் அண்ணன் சூசை என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"கடைசியா என்ன சொன்னாரு சிஸ்டர்? ஜெபம் சொன்னாரா? ஆண்டவர் பேரையாவது?"

"தண்ணி கேட்டாருங்க."

அவர் முகம் சுருங்கியது. "அதப் போயிச் சொல்லாதீங்க. 'என் உயிர ஏத்துக்கோங்க ஆண்டவரே'ன்னு சொன்னாருன்னு சொல்லுங்க. அவளுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவர்கள் வேதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு பொய் ஆறுதல் தரும் என்றால் சொல்லிவிட்டால்தான் என்ன என்றுகூட நினைத்தேன். அதற்குள் ஸ்டெல்லாவே என் முன்னால் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் எறங்கிட்டாங்களான்னு கேட்டாரும்மா. அப்புறம் தாகமா இருக்குன்னாரு. அவ்வளவுதான்."

"அம்புட்டுத்தானா?" என்று சூசை தலையில் கை வைத்தார்.

ஸ்டெல்லா அழுதுகொண்டேதான் சொன்னார். "ஏண்ணே, சிலுவையில தொங்கும்போது ஆண்டவரும் தாகமா இருக்குன்னுதான சொன்னாரு? பெரிய வெள்ளி தவறாமக் கோயில்ல கேக்குறோம். அவரு கேட்டா வேதவாக்கு, இவரு கேட்டா வெறும் தண்ணியா?"

பிறகு என்னிடம், "குடுத்தீகளா சிஸ்டர்?" என்றார்.

"குடுக்கக் கூடாதும்மா. பஞ்ச நனைச்சு உதட்டுல வச்சேன்."

"ஆண்டவருக்கும் பஞ்சுலதான் குடுத்தாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுவரோரம் நின்ற பாண்டியம்மாள் அப்போதுதான் வந்து அவர் காலில் விழுந்தாள். "நான் எறங்கிருக்கக் கூடாது தாயி. என்னாலதான்."

ஸ்டெல்லா அவளை உடனே தூக்கவில்லை. அடித்துவிடுவாரோ என்று இரண்டடி முன்னால் போனேன். அவர் குனிந்து அவள் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"எறங்கலேன்னா நீயும் போயிருப்ப. அவரு பிரேக்க மிதிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது எதுக்கு? வீட்டுக்குப் போ. போயி ஒம்புள்ளைகளுக்குச் சோறு போடு. இனிமே என்னாலன்னு சொல்லாத. அவரு செஞ்சத வீணாக்காத."

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். கடைசி நேரத்தில் காதை நோயாளியின் வாயருகே வையுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே வீட்டாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.