பாக்கியத்தக்கா புஞ்சையில முள்ளு பிடுங்குன கதை

ஊர்ல எல்லாரும் நட்டுப் பிழைக்கான். நாங்க பிடுங்கிப் பிழைக்கோம். சீமை உடையை, அதான் சீமைக் கருவேல முள்ளை, தூரோட தோண்டி எடுத்து, நிலத்தை நிலமாக்கிக் குடுக்கதுதான் தொழில். முள்ளு எடுத்து முள்ளு எடுத்தே வயசான மக்களே, இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் உள்ளங்கால்ல உடைமுள்ளு ஏறட்டும். ஏற்கெனவே ஏறுனது போக அங்கன இடமே இல்ல, அதனால தைரியமா நம்பலாம்.

காணாமப் போன கிணறு

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்க, கடைசிக் குளத்துக்கும் அங்கிட்டு பாக்கியத்தக்கா புஞ்சை. வீட்டுக்காரரு வளைகுடாவுக்குப் போனாரு, பெட்டியில வந்தாரு. அந்த இடைவெளியில உடை உள்ள வந்து குடும்பம் நடத்திருச்சு. வரப்பு தெரியல, மண்ணு தெரியல. கொழுந்தன் செல்லப்பா செங்கச்சூளைக்காரன்கிட்ட விலை பேசிட்டான். பட்டா அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் கூட்டுல கிடக்கு. அக்கா ஊர்ப் பெரியவுக முன்னால நின்னு, "இந்த ஐப்பசி மழைக்கு வெள்ளாமை வைக்கேன். வரலன்னா விக்கதுக்கு நானே கையெழுத்துப் போடுதேன்"ன்னுட்டா. அதுக்கப்புறந்தான் எங்களைத் தேடி வந்தா.

ஜேசிபி உள்ள போச்சு. நல்லாத்தான் போச்சு. திடீர்னு முன்சக்கரம் ஒண்ணு அந்தரத்துல நிக்கி. புதருக்குள்ள கைப்பிடிச்சுவரு இல்லாத கிணறு! டிரைவரு பைய இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, "கிணறு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?"ன்னு கத்துதான். அக்கா எட்டிப் பாத்தா. "கல்யாணமாகி வந்தப்போ பாத்ததுப்பா. எங்க போச்சோன்னு நானும் தேடிக்கிட்டுத்தான் கிடந்தேன்."

தங்கராசு காலு

மெஷினு மேல உள்ளதை அள்ளிட்டுப் போயிரும். மண்ணுக்குள்ள ஒரு விரல் அகலத்துக்குத் தூரு நின்னாலும் போதும், அடுத்த மழைக்குப் புதரா எந்திரிச்சிரும். அதைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுக்கது தங்கராசு. எங்க கூட்டத்துலயே நல்ல கை. சீனிவியாதிக்காரன். செருப்பு போடுலேன்னா, "செருப்பு போட்டா தூரு எங்கன இருக்குன்னு காலுக்குத் தெரியாதுலே"ம்பான்.

ஒரு முள்ளு குத்துச்சு. எப்பவும் போல ஊக்கால எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாத்தான். பிறவு விரலு கறுத்துச்சு. பிறவு பாதம். பெரியாஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாவ. நான் சாத்துக்குடியோட போயி கட்டில் பக்கத்துல நிக்கேன். ஒரு பழத்தை உரிச்சு நீட்டுனேன். வாங்கிக்கிட்டுச் சொன்னான். "ஏலே மாடசாமி, மூஞ்சியை ஏம்லே இப்படி வச்சிருக்க? இனிமே பாதி முள்ளுதாம்லே குத்தும்."

ஆட்டுக்கு அக்கா வச்ச விருந்து

தூரு எல்லாம் எடுத்தாச்சு. மண்ணு வெளுத்துப் போயிக் கிடக்கு, ஒரு புழு பூச்சி இல்ல. உழவுக்கு முன்னால ஆட்டுக்கிடை போட்டா மண்ணுக்கு உசுரு வரும்னு அக்காவுக்கு ஆசை. எங்க பக்கத்துல எல்லாரும் செய்யுததுதான். ராத்திரி மந்தையை நிலத்துல படுக்க வச்சா புழுக்கையும் மூத்திரமும் நல்ல உரம். அக்கா கஞ்சத்தனம் பாக்கல. கிடை போட்ட நாளெல்லாம் ஆட்டுக்காரருக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போயிக்கிட்டே இருந்துச்சு. மூலை முடுக்கு விடாம கிடையை மாத்தி மாத்திப் போடச் சொன்னா. அப்புறம் உழுது உளுந்தை விதைச்சா. மழையும் சொன்னபடி வந்துச்சு.

பச்சை முளைச்சிருக்குன்னு என்னைக் கூட்டிட்டுப் போனா. அக்கா மூஞ்சில அப்படியொரு சிரிப்பு. நான் குத்தவச்சுப் பாத்தேன். உளுந்து இருக்கு, இல்லங்கல. ஆனா ஆடு படுத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தா வேற ஒண்ணு நிக்கி. சின்னச் சின்ன இலை, சீப்பு மாதிரி. அம்புட்டும் உடை! கோடை பூராவும் அந்த மந்தை குளத்துக்குள்ள உடைக்காயைத்தானே தின்னுச்சு? காயி செரிக்கும், விதை செரிக்காது. விதையை எருவுல பொதிஞ்சு, சோறும் குழம்பும் குடுத்து, மூலை முடுக்கு விடாம நாமளே நட்டிருக்கோம். அக்கா ஒரு கன்னைப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டா. ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா, அவரு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "ஆடு தின்னதைத்தான் தாயி போடும். பிரிச்சுப் போடுன்னு அதுக்கிட்ட நான் எந்த பாசையில சொல்ல?"

ஈரம் காயுமுன்ன

மண்ணு ஈரமா இருக்குத வரைக்கும் உடைக்கன்னு ரெண்டு விரலுக்கு வரும். காஞ்சுட்டா வேரு கீழ இறங்கிரும், அப்புறம் கடப்பாரைக்குத்தான் வரும். கடப்பாரைக்காரன் ஆஸ்பத்திரியில இருந்து அப்பதான் வீட்டுக்கு வந்திருக்கான். நானும் அக்காவும் அவ கூட நாலு பொம்பளையளும் குனிஞ்சோம். மேகம் எங்களைக் கேட்டா கலையுது? வெயிலு அடிச்சுது.

ஒரு மத்தியானம் ஆட்டோ வந்து வரப்புல நின்னுச்சு. தங்கராசு இறங்குதான், கக்கத்துல கம்பு. கம்பைக் கீழ போட்டுட்டு உக்காந்தான். உக்காந்தபடியே நகந்து நகந்து பிடுங்குதான். எங்களைவிட வேகம் வேற. "குனிஞ்சு நிமிர வேண்டிய சோலி எனக்கு இல்லல்லா"ங்கான். செல்லப்பா அந்த வழியா சூளைக்காரனைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னு, பாத்துக்கிட்டே வெத்தலை போட்டான். ஒரு கன்னாவது பிடுங்கணுமே? ம்ஹூம். "பிடுங்குங்க, பிடுங்குங்க. எங்களுக்கும் சுத்தமான மண்ணுதான் வேணும்."

பாதிக்குப் பாதி

மேக்குப் பாதியைக் காப்பாத்திட்டோம். கிழக்குப் பாதிக்குள்ள போகுமுன்ன மண்ணு இறுகிப் போச்சு. கன்னைப் பிடிச்சு இழுத்தா தண்டு கையோட வருது, வேரு உள்ள இருந்துக்கிட்டுச் சிரிக்கி. பெரியவுக வந்து பாத்து, உளுந்து நிக்க பாதி அக்காவுக்கு, முள்ளு நிக்க பாதி செல்லப்பாவுக்குன்னு தீத்துட்டாவ.  அக்கா சொன்ன சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டா.

சூளைக்காரன் வந்தான். எந்த மெஷினு உடையை எடுத்துச்சோ அதே மாதிரி மெஷினு. ஆள் முங்குத ஆழத்துக்கு மண்ணை அள்ளிட்டுப் போயிட்டான். உளுந்து காய்க்கத்தான் செஞ்சுது. ஆனா அடுத்த மழைக்கு அக்கா பக்கத்து மண்ணு கட்டி கட்டியா அந்தக் குழிக்குள்ள சரியுது. குழியோட விளிம்புல எது பச்சையா நிக்கின்னு நான் சொல்லணுமா? அக்காவும் நானும் அங்கன நின்னோம். கையில உளுந்தம் நெத்து ஒரு பிடி வச்சிருந்தா. "முள்ளைப் பிடுங்கிரலாம்லே தம்பி. குழியை எப்படிலே பிடுங்க?"

அவ்வளவுதான் மக்களே, உடை போன இடத்துல என்ன முளைக்கும்னு கேட்டா, முதல்ல உடை முளைக்கும், அது தப்புனா மனுசன் முளைப்பான், அவனுக்குத் தூரு எங்கன இருக்குன்னு இன்னும் எந்தக் கடப்பாரைக்கும் தெரியல. வாயி வலிக்கச் சொல்லிருக்கேன், ஓசியில கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிராதிய. உடன்குடிக் கருப்பட்டி போட்டு ரெண்டு காப்பி சொல்லுங்க, ஒண்ணு எனக்கு, ஒண்ணு தங்கராசுக்கு. காலு பாதிதானேன்னு அவன் டம்ளரைப் பாதியாக்குனா எனக்குக் கெட்ட கோவம் வரும்.