டக்குப் படகில் ஓர் இடம்

பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் டக்குப் படகில், அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பியான எங்கள் மாமா வேலை பார்த்தார். ஒருமுறை படகை ஓட்டும் செராங்கிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு பிள்ளையை ஏற்றிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அவருக்கு வியர்த்தது. நானும் பெரியம்மா மகளான அக்காவும் ஒரே வகுப்பில் படித்தோம். ஒருத்தியை ஏற்றினால் மற்றவள் வீட்டில் அவருக்குச் சோறு கிடைக்காது.

"ரெண்டு அக்காங்க நடுவுல என்னால பேஜாரு பட முடியாது சார். நீங்களே ஒரு புள்ளையப் பார்த்து அனுப்பி வுடுங்க" என்று ராயபுரம் பள்ளிக்கூடத்துக்கே வந்து, கணக்கு வாத்தியார் தலையில் பாரத்தை இறக்கிவிட்டுப் போனார்.

வாத்தியார் நாற்பது பேருக்கும் சீட்டு எழுதி டப்பாவில் குலுக்கினார். ஒன்றை எடுத்துப் பார்த்தார். உடனே படித்துவிட்டால் அவர் கணக்கு வாத்தியார் இல்லையே.

"இது ஒரு பொண்ணு."

பையன்கள் முப்பது பேரும் பெஞ்சில் சரிந்தார்கள். நாங்கள் பத்துப் பேர் நிமிர்ந்தோம்.

"இப்ப சொல்லுங்க. ஒவ்வொரு பொண்ணுக்கும் வாய்ப்பு நாப்பதுல ஒண்ணா, பத்துல ஒண்ணா?"

"பத்துல!" என்று கூவினோம்.

கடைசி பெஞ்சுப் பையனுக்குப் பொறுக்கவில்லை. "சீட்டத்தான் எடுத்தாச்சே சார். அதுல கீற பேரு மாறவா போவுது?"

"பேரு மாறலடா. நமக்குத் தெரிஞ்சது மாறிடுச்சு. இன்னொண்ணும் சொல்றேன். ரயில்ல வர்ற பொண்ணு."

திருவொற்றியூரிலிருந்து ரயிலேறி வந்த பெண்கள் நானும் அக்காவும் மட்டும்தான். வகுப்பே எங்களைத் திரும்பிப் பார்த்தது. காலையில் எட்டாத தூரத்தில் நின்ற படகு இப்போது பாதி என்னுடையது, மறுபாதி அவளுடையது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

வாத்தியார் என் பெயரைப் படித்தார்.

நான் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தேன். என்னைவிட உரக்கக் கத்தியவள் அக்காதான். சேதி கேட்ட மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேரில் தேடியும் வினை வீட்டுக்கே வந்திருந்தது. பெரியம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

நான் கிளம்பிய காலையில், அக்கா தன் புது சிவப்பு ரிப்பனை என் பின்னலில் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"கடல் காத்துல தலை கலைஞ்சிடும்மே. கட்டிகினு போ."

அன்று சங்கு ஊதியது, தண்ணீர் முகத்தில் அடித்தது, மலைபோல் ஒரு கப்பல் எங்கள் பின்னால் சமர்த்தாக வந்தது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அக்கா அந்த ரிப்பனைக் காற்றுக்காகத்தான் கட்டிவிட்டாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்; அவளுடைய பாதியும் அன்று படகேறியது பிறகுதான் புரிந்தது.