கடுகுப் பை

செபாஸ்தியம்மாள் பழைய ரவிக்கை ஒன்றின் இடப்பக்கத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்த நூலை விரலில் சுற்றிவைப்பது அவள் பழக்கம். அன்று சுற்றவில்லை.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறவள். வாடிக்கைக்காரிகளின் அளவு ரவிக்கைகள் சுவர் ஆணிகளில் தொங்கும். கையில் இருந்தது அவளுடைய அக்கா சவரியம்மாளுடையது. அக்கா செத்து நான்கு வருடம் கழித்து அன்றுதான் ஆணியை விட்டு இறங்கியது.

அக்காவுக்கு இடது மார்பை எடுத்தபோது, ரவிக்கைக்குள் வைக்க இவள்தான் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். பஞ்சு அடைத்தால் கனமில்லாமல் மேலே ஏறிவிடும் என்று கடுகு போட்டாள். கழுவுவதற்காக ஓரத்தில் ஒரு திறப்பு, அதற்கு ஒரு ஹூக்.

இப்போது அவளுக்கே இரண்டு பை வேண்டியிருக்கும் போலிருந்தது. போன வாரம், 2007 ஜூனில், மதுரை ஆஸ்பத்திரியில் அவள் மார்பிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை, ஆனால் செல்கள் சரியில்லை என்றார் டாக்டரம்மா. அம்மாவும் அக்காவும் இதே நோயில் போனதால் சும்மா விட முடியாது. ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை போட்டால் ஆபத்து பாதியாகக் குறையும். இரண்டு மார்பையும் இப்போதே எடுத்துவிட்டால் பெருமளவு போய்விடும்; அடியோடு போகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை முடிவு சொல்ல வேண்டும். அன்று புதன்.

"மாத்திரையே போதும் புள்ள," என்றார் கணவர் ஜெரோம். "நல்லா இருக்குற ஒடம்ப எதுக்கு வெட்டிக்கிட்டு?"

"அதே மாத்திரையத்தான் அக்காவும் தின்னா. ரெண்டு வருசம் என் கையால குடுத்தேன். கேட்டுச்சா?"

 அவள் ரவிக்கையிலிருந்து பிரித்தெடுத்த பையின் ஹூக்கைக் கழற்றி, கடுகை முறத்தில் கொட்டினாள்.

கடுகோடு சேர்ந்து பளபளவென்று ஏதோ விழுந்தது. உதறினாள். இன்னும் விழுந்தது. மாத்திரைகள். உறை பிரிக்காமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரம் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அது அவளுடைய தையல் கத்தரி வெட்டு. தினம் காலையில் அட்டையிலிருந்து ஒன்றை நறுக்கி, காப்பியோடு அக்கா உள்ளங்கையில் வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

மகள் தேவதர்ஷினி குத்தவைத்து எண்ணினாள். "நாப்பத்தொன்னு இருக்கும்மா."

"இந்தப் பையில நாப்பத்தொன்னு. கழுவும்போதெல்லாம் எத்தனை கொட்டுனாளோ." பையை அக்கா யாரையும் தொடவிட்டதில்லை.

மாத்திரை தொடங்கிய முதல் மாதமே அக்கா கேட்டாள்: "ஒடம்பு செங்கச் சூளையாட்டம் எரியுது செபாஸ்தி. நிறுத்திருவமா?"

"டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்? வாய மூடிட்டு முழுங்கு."

அதன்பிறகு அக்கா கேட்கவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். நோயாளி சண்டை போடுகிறவரை பயமில்லை. பேச்சை நிறுத்தினால்தான் தலையணையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இவளுக்கு அது தெரியவில்லை.

ஜெரோமுக்கு முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா, மாத்திரை மேல குத்தமில்ல. நீ தின்னா கேக்கும்."

"நான் தின்பனா?"

"ஏன், ஒனக்கென்ன?"

"போன வருசம் எனக்கு டைபாய்டுக்குக் குடுத்த மாத்திரை எங்க கெடக்கு?"

"பட்டன் டப்பாவுல," என்றாள் மகள்.

ஜெரோம் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்தினார். டப்பாவைத் திறந்தார்கள். பொத்தான்களுக்கு அடியில் அரை அட்டை கிடந்தது.

"பத்து நாள் மாத்திரைக்கே இந்த லட்சணம். இது அஞ்சு வருசம். அவ பொறந்த வயித்துலதான நானும் பொறந்தேன்?"

தேவதர்ஷினி காலிப் பையை எடுத்துத் தன் உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். "எனக்கும் வருமாம்மா?"

செபாஸ்தியம்மாள் பொய் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே மெஷின் ஓடியது. புதுக் கடுகு போட்டு இரண்டு பை தைத்தாள். திறப்பு வைக்காமல் நான்கு பக்கமும் மூடித் தைத்தாள்.

"கழுவணும்னா என்ன செய்வ?" என்றார் ஜெரோம்.

"பிரிச்சுக் கழுவிட்டுத் திரும்பத் தைப்பேன்."

தனக்கு மாத்திரை ஏன் சரிப்படாது என்று டாக்டரம்மாவிடம் காட்ட, நாற்பத்தொன்றையும் தாளில் மடித்து எடுத்துக்கொண்டாள். மதுரை பஸ்ஸில் அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, காலேஜ் பையை அப்பா கையில் கொடுத்துவிட்டு தேவதர்ஷினியும் ஏறினாள். செபாஸ்தியம்மாள் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள்.