நான்கு மணித் தண்ணீர்

என் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கிறது. யாரையும் அதில் பேனாகூடப் போட விடமாட்டேன். மலையடிவாரத்து மண் அணையில் நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது, கரையைக் காவல் பார்க்கும் லஸ்கர் அக்கா அதில்தான் கசிவுநீரைப் பிடித்துக் காட்டுவார். மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் கவலையில்லை; கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்துப் போகிறது என்று பொருள். காலை ஆறு மணிக்குப் பிடிப்பது அணை கட்டிய நாள் முதல் இருந்த வழக்கம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தெளிவா இருக்குதுங்க அம்மணி" என்பார். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன்.

அந்த வருடம் மின்நிலையம் ஓடும் முறை மாறியது. பகலில் சோலார் மின்சாரம் தாராளமாகக் கிடைத்ததால், நாள் முழுக்க நிதானமாகச் சுற்றிய டர்பைன்கள் பொழுது சாய்ந்தபிறகு மட்டும் முழு வேகத்தில் ஓடின. சின்ன அணை அது. சில மணி நேரத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். மறுநாள் மதியத்துக்குள் மறுபடி நிறையும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் கரை என்ன பாடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலைத் தண்ணீர்தான் தெளிவாக இருந்ததே.

ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அக்கா டம்ளரோடு அலுவலகம் வந்தார். அடியில் மெல்லிய வண்டல்.

"ஏனுங்க அம்மணி, இதக் கொஞ்சம் பாருங்க. அணை நெறஞ்சா கலங்குதுங்க."

டம்ளரைக் கழுவினீர்களா என்று கேட்டேன். மறுநாளும் வந்தார், காலைப் பதிவு சரியாகத்தானே இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் டம்ளரை என்முன் வைத்தார். முழுக்கச் செம்மண் நிறம். ஓடிப் போய்ப் பார்த்தால் கரையடியில் ஊற்று கொப்பளிக்கிறது, கரைமேல் கை நுழையும் அளவு வெடிப்பு. வரத்து வாய்க்காலை அடைக்கச் சொன்னேன். ஈரக் கரை சரிந்துவிடாமல் தண்ணீரை மெல்ல மெல்ல இறக்கும்படி மின்நிலையத்தாரிடம் மன்றாடினேன்.

கரைக்கு நேர் கீழே இருந்த குடியிருப்பைக் காலி செய்யும்போதுதான் தெரிந்தது, அக்கா வீட்டில் அவர் மகள் பச்சைக் குழந்தையோடு இருக்கிறாள். அக்காவைப் பிடித்துக் கேட்டேன்.

"மூணு நாளா தெரிஞ்சும் இவங்கள ஏனுங்கக்கா இங்கயே வெச்சிருந்தீங்க?"

"நீங்க வந்து பாத்துப்போடுவீங்கன்னு இருந்தனுங்க அம்மணி."

கரை தப்பியது. ஓய்வு பெற்றுக் காங்கேயம் போகும்போது அக்கா டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது கோவை அலுவலகத்தில் பல அணைகளின் பதிவுகள் என்னிடம் வருகின்றன. எத்தனை மணிக்கு, அணை எவ்வளவு நிறைந்திருந்தபோது பிடித்த தண்ணீர் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. டம்ளரை நானே தினமும் கழுவி வைக்கிறேன். கழுவினீர்களா என்று அன்று அக்காவிடம் கேட்ட கேள்வி மட்டும் போக மாட்டேன் என்கிறது.