இளவரசியின் வலது கால்

என் தங்கை இளவரசிக்கு இருபத்தொன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் நெய்கிறாள். அதற்கு முன் அந்த இடத்தில் நான் இருந்தேன். என் முழங்கால் வீங்கி, தறிக்குழியில் இறங்க முடியாமல் போனபோது, பதினேழு வயதில் அவள் இறங்கினாள். நான் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து கரைக்கான நூல் வைத்த நாடாவைக் குறுக்கே எறிகிறேன். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். இத்தனை வருஷத்தில் அவள் நெய்த புடவையில் ஓர் இழை விட்டுப்போனதாக யாரும் சொன்னது கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவது அவள் செய்த ஒரு தவறைப் பற்றி.

சென்னைக்குப் புடவை கொடுக்கப் போகும்போது, பஸ் இருங்காட்டுக்கோட்டையை நெருங்கினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அங்கே ரேஸ் டிராக் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து ஒன்றும் தெரியாது. சில நாள் சத்தம் மட்டும் வரும்.

"இப்ப கியரைக் குறைக்கிறாங்கக்கா. வளைவு வந்துடுச்சி" என்பாள்.

அப்போது அவள் ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. கியரைப் பற்றி எங்கே கேட்டுத் தெரிந்துகொண்டாளோ. பஸ் அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவாள்.

போன வருஷம், புதிதாக வரும் பெண்களுக்கு அங்கே இரண்டு நாள் பைக் ரேஸ் பயிற்சி நடத்துகிறார்கள் என்று போனில் பார்த்தாள். கியர் வண்டி லைசென்ஸ் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தினகரன் தன் பழைய பைக்கைக் கொடுத்தார். மாகறல் ரோட்டில் ஓட்டிப் பழகினாள். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி ஒரு குலுக்கு குலுக்கும்.

"என்னா மாமா உன் வண்டி, சளி புடிச்ச மாதிரி தும்மிக்கினே வருது."

"வண்டியைச் சொல்லாத. பதினாலு வருஷமா என்னைச் சுமந்துக்கினு இருக்குது."

"அதான் மாமா தும்முது."

கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அவர் சொன்னார். நாங்களும் நம்பினோம். மெதுவாகவே ஓட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

ஜனவரியில் பயிற்சி. துணைக்கு நானும் போனேன். இரண்டாம் நாள் சாயங்காலம் தனியாக மூன்று சுற்று, ஒரு தவறும் இல்லாமல் ஓட்டினால் சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால்தான் புதியவர்களுக்கான போட்டியில் பெயர் கொடுக்க முடியும். ரேஸுக்கான தோல் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, கழுத்துப் பட்டையை நான்தான் சரி செய்தேன்.

முதல் நாள் நேர் ரோட்டில் நன்றாகவே ஓட்டினாள். வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது மட்டும் பின்சக்கரம் வழுக்கியது. மூன்றாவது தடவை புல்லில் போய் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்ததும் வண்டியில் ஒட்டியிருந்த மண்ணைத்தான் தட்டினாள். கற்றுக்கொடுக்கும் ஜெபகுமார் சார் வந்தார்.

"பின்பிரேக்கைத் தொடாதீங்கன்னு சொன்னேனேம்மா."

"நான் தொடலை சார்."

"தொடாம எப்படிம்மா சக்கரம் நிக்கும்?"

"வண்டியில ஏதோ இருக்குது சார்."

வேறு வண்டி கொடுத்தார். அதுவும் வழுக்கியது. அவர் அடுத்த பெண்ணைப் பார்க்கப் போய்விட்டார். பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். என் தங்கை பொய் சொல்ல மாட்டாள்.

மறுநாள் காலையில் வளைவுக்குப் பக்கத்தில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களை மட்டும் பார்த்தேன். இடது கால் கியரை அமுக்கி மேலே வந்தது. உடனே வலது கால் பின்பிரேக்கின் மேல் இறங்கியது. மறுபடி இடது, மறுபடி வலது.

எனக்குப் புரிந்துவிட்டது. தறிக்குழியில் இரண்டு மிதிப்பலகை உண்டு. இடதை மிதித்து விட்டால் அடுத்து வலதை மிதிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கால் அவளைக் கேட்டுக்கொண்டு இறங்கவில்லை. தினகரனின் வண்டியும் பாவம், தானாகத் தும்மவில்லை.

ஜெபகுமார் சாரிடம் போய்ச் சொன்னேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எப்படி மிதிப்போம் என்று செய்தும் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, வலது பாதத்தைப் பின்னால் இழுத்து, பிரேக்குக்கு விரல் எட்டாதபடி வைக்கச் சொன்னார்.

இளவரசி தன் காலையே யாரோ ஒருத்தியின் காலைப் போலப் பார்த்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள இதை எப்படிக்கா நிறுத்துறது?"

"இடது காலுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு நெனச்சிக்கோம்மா" என்றேன்.

முதல் சுற்று சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் கடைசி வளைவு வரைக்கும் கால் அடங்கி இருந்தது. அங்கே இறங்கிவிட்டது. சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. விழாமல் நிமிர்த்தி, கோட்டைத் தாண்டி வந்து நிறுத்தினாள்.

"ஏப்ரல்ல வாங்கம்மா. இந்த மூணு சுத்து மட்டும் ஓட்டினா போதும்" என்றார் ஜெபகுமார் சார்.

உடுப்பைப் புடவை மடிப்பது போல ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக் கொடுத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இந்தத் தடவை கியரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் தறியில் உட்கார்ந்தாள். சத்தம் மாறியிருந்தது. இடது மிதிக்குப் பிறகு சின்னதாக ஓர் இடைவெளி விட்டுத்தான் வலது இறங்கியது. மத்தியானத்துக்குள் நாலு இழையைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

"காலு யோசிக்குதுக்கா."

"ரெண்டு நாள்ல பழையபடி ஆயிடும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பழையபடி ஆகிவிட்டால் ஏப்ரலிலும் அந்தக் கடைசி வளைவில் அது இறங்கும்.

அடுத்த நாள் அவள் வருவதற்கு முன்பே நான் குழியில் இறங்கிவிட்டேன். இரண்டு கையையும் ஊன்றி இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என்னாக்கா பண்ற? முட்டி என்னாவுறது?"

"ஏப்ரல் வரைக்கும் தாங்கும். நீ கரையைப் பாரு."

"நீ நெய்ஞ்சா மாசத்துக்கு ஒரு பொடவை கூட எறங்காதே."

"எறங்குறப்ப எறங்கட்டும். நாடாவை எடு."

என் பலகையில் அவள் உட்கார்ந்தாள். நான் வலதை மிதிக்கும்போதெல்லாம் அவள் வலது கால் பெருவிரல் தரையை அமுக்கியது. அவளுக்கே அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது மார்ச் நடக்கிறது. முட்டிக்கு ராத்திரியில் தைலம் போடுகிறேன். நேற்று ஒரு முழம் நெய்து முடிக்கும் வரை அந்த விரலையே கவனித்தேன். இரண்டு தடவைதான் அசைந்தது.