சுபாஸ்கரன் கேட்ட துவக்கு லைசன்ஸ்

சுபாஸ்கரன் படிக்கட்டுக்கு ஹூவர் பிடித்துக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அந்த மெஷினைத் தொட்டதில்லை. எங்கே அமத்துவது என்பதையே மனைவி சிவரூபினியிடம் கேட்டுத்தான் தொடங்கினார். மேலிருந்து இறங்காமல் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்ததால், துப்புரவாக்கிய படியிலேயே தூசி திரும்ப விழுந்தது. குசினி வாசலில் நின்று சிவரூபினி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"பொலிஸ் வாறதுக்கு வீடு கூட்டின முதல் யாழ்ப்பாணத்தான் நீங்களாத்தான் இருப்பியள்."

"பொலிஸ் இல்லையப்பா. லைசன்ஸ் பிரிவு. யூனிஃபோர்ம்கூட இல்லை."

"அனுப்புறது பொலிஸ்தானே?"

அவர் ஹூவரின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டார்.

மோர்டன் தமிழர்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. கோயில் சபையில் இல்லை, சீட்டாட்டத்தில் இல்லை, குடியும் இல்லை. பக்கத்து ஊரான மிட்சமில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "பார்ட்ஸ்" என்பார். எதற்குப் பார்ட்ஸ் என்று அவருக்கும் தெரியாது. பெட்டியில் போட்டு அனுப்புவதோடு சரி. கூட வேலை செய்யும் கெவின் ஒருநாள் தன் குறிசுடும் கழகத்துக்கு அவரைக் கூட்டிப்போனான். அங்கே தரையில் குப்புறப் படுத்து, தூரத்துக் கடதாசியைப் பார்த்து, மூச்சைப் பிடித்து... வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் பால் குடித்த பிள்ளையின் முகம்போல இருந்தது. "மனம் ஒருக்கா நிண்டுது," என்றார். சிவரூபினிக்கு அது விளங்கவில்லை. நின்ற மனம் நின்றபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு தனக்கென்று ஒரு துவக்கைத் தானே செய்யவேண்டும் என்று தொடங்கினார். குழல் வாயால் வெடிமருந்து போட்டு ஒவ்வொரு வெடியாக வைக்கிற பழைய ரகம். பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்த இந்த நாட்டில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முதல் பொலிஸின் அனுமதி வேண்டும். தோளில் அணைக்கிற மரத்துக்கு மட்டும் அனுமதி தேவையில்லை என்பதால், போன மாரி முழுக்கக் கார்டன் ஷெட்டில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வால்நட் மரத்தில் அதைச் செதுக்கி முடித்தார். முழுதாகத் தன்னுடையது என்று சொல்ல ஒரு சாமான் வேண்டும் என்றார். குழலுக்குத்தான் லைசன்ஸ். அதற்குத்தான் இந்த விண்ணப்பம், இரண்டு சாட்சிகள், டொக்டரின் கடிதம், துவக்கைப் பூட்டிவைக்க இரும்பு அலுமாரி, இன்றைய ஹூவர் எல்லாம்.

லீட்ஸில் படிக்கிற மகள் தர்மிகா ஃபோனில் சிரித்தாள். "அப்பா, துவக்குக்குப் பயந்துதானே இங்க ஓடி வந்தனீங்கள்? இப்ப ஃபோர்ம் நிரப்பிக் கேக்கிறீங்கள். சீரியஸ்லி?"

"இது விளையாட்டுத் துவக்கு, மேள்."

"ஹோல் ஃபாமிலியையும் நாடுகடத்தப் போறீங்கள்."

லைசன்ஸ் பிரிவிலிருந்து வந்தவளின் பெயர் லின். நரைத்த தலை, மழைக் கோட்டு, கையில் ஒரு பை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினாள். சிவரூபினிக்கு அந்தக் கணமே அவளைப் பிடித்துப்போனது. ஷெட்டுக்குப் போய் மரத்தைக் கையால் தடவிப் பார்த்து, "அழகாக இருக்கிறது," என்றாள். சுபாஸ்கரன் காது வரை சிவந்தார். மேலே போய், சின்ன அறைச் சுவரோடு பொருத்தியிருந்த அலுமாரியை ஆட்டிப் பார்த்தாள். அந்த அறைக் கட்டிலில் கிடந்த சிவரூபினியின் கண்ணாடியையும் போர்வையையும் பார்த்தாள். எல்லாம் சரி என்று முகத்தில் எழுதியிருந்தது. கீழே வந்து, தேத்தண்ணியைக் குடித்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"மனநோய், மனஅழுத்தம் எப்போதாவது இருந்ததா என்ற கேள்விக்கு நீங்கள் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். டொக்டரின் பதிவில் இருக்கிறது. நித்திரையில்லை, பயங்கரக் கனவு, சாகவேண்டும் போலிருக்கிறது என்று நீங்கள் சொன்னதாக."

சுபாஸ்கரன் தாளை எட்டிப் பார்த்தார்.

அது அகதி வழக்குக்கென்று அந்தக் காலத்தில் டொக்டரிடம் எடுத்த கடிதத்தில் உள்ளது. ஊரில் சுற்றிவளைப்பில் ஆமி பிடித்து, முகாமில் வைத்து அடித்தது உண்மை. அதை டொக்டருக்குச் சொல்லப் போனபோது மொழிபெயர்க்க வந்த தமிழர், "தம்பி, சாகவேணும் போல கிடக்கு எண்டும் ஒரு வசனம் போடுவம். அடியைவிட இவையளுக்கு அதுதான் விளங்கும்," என்றார். எல்லாரும் அப்படித்தான் அந்தக் காலத்தில் ஒரு கடிதம் எடுத்தார்கள். வழக்கு வென்றதும் கடிதத்தை மறந்துவிட்டார்கள். படிவத்தில் இல்லை என்று கோடு கீறியபோதும் சுபாஸ்கரன் பொய் எழுதுவதாக நினைக்கவில்லை. வழக்குக்குச் சொன்னது நோய் வருத்தமாகுமா?

இப்போது அதைப் பொய் என்றால், இந்த நாட்டில் இருக்கக் கிடைத்த அனுமதியும் அதன்மேல் வந்த பாஸ்போர்ட்டும் ஆடும். உண்மை என்றால் துவக்கு இல்லை.

"அது அந்த நேரத்துக் கதை," என்றார் ஆங்கிலத்தில்.

"அப்போது உண்மையா?"

"அந்த நேரத்துக்கு உண்மை."

லின் அதை எழுதிக்கொண்டு, மனைவியோடு தனியாகப் பேசலாமா என்று கேட்டாள். இது வழமை என்றாள். சுபாஸ்கரன் எழும்பும்போது சிவரூபினியைப் பார்த்தார். காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்: "ஹீ இஸ் ஃபைன் எண்டு மட்டும் சொல்லும். அது காணும்." அவர் கார்டன் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"மேலே சின்ன அறையில் படுப்பது நீங்களா?"

சிவரூபினி தலையாட்டினாள்.

"ஏன் என்று கேட்கலாமா?"

குறட்டை என்று சொல்லியிருக்கலாம். சுபாஸ்கரனுக்கு அவள் சொல்லி வைத்திருந்ததும் அதுதான். சனத்துக்கும் மகளுக்கும் அதுதான் சொன்னது. பழகிய பொய், நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்த அலுமாரி தன் தலைமாட்டில் நிற்பதை அவள் யோசித்தாள். அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவரிடம் இருக்கப்போவதையும் யோசித்தாள். வெளியே ஷெட்டுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெடியனைப்போல நிற்கிற மனுசனும் கண்ணில் பட்டார்.

"அவர் கத்துவார்," என்றாள். "கையை வீசுவார். விடிய ஒன்றும் ஞாபகம் இராது. நான் அவருக்குச் சொன்னதும் இல்லை."

"என்ன சொல்லிக் கத்துவார்?"

அவள் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். சுடாதேங்கோ. ஐயா, சுடாதேங்கோ.

லின் எழுதிக்கொண்டிருந்த பேனையை ஒருதரம் நிறுத்தி, பிறகு எழுதினாள். போகும்போது சிவரூபினியின் கையைப் பிடித்து, அவருக்கு டொக்டரிடம் உதவி கேட்கலாம் என்றாள். முடிவு தபாலில் வரும். சப்பாத்து நாடாவைக் கட்டும்போது வழியனுப்ப உள்ளே வந்த சுபாஸ்கரனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

கதவு சாத்தியதும் முன்னறைக்கு வந்து நின்றார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"உள்ளதைச் சொன்னனான்."

"என்ன உள்ளது? அந்தக் கடிதம் முழுக்கப் புளுகு எண்டு உமக்குத் தெரியாதே? அந்தாள் சேர்த்துவிட்ட கதை."

"சாகிற கதைதான் அந்தாள் சேர்த்தது. கனவு சேர்த்ததில்லை." அவள் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள். "நீங்கள் இப்பவும் கத்திறனீங்கள்."

"ஆர், நானோ?"

"ஓம்."

"குறட்டை எண்டெல்லோ சொன்னனீர்? அதுக்கெண்டுதானே மேல போய்ப் படுக்கிறீர்?"

அவர் கதிரையில் இருந்தார். கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது. ஷெட்டில் கிடக்கிற மரத்தைப் பற்றி ஏதும் கேட்பார் என்று அவள் நினைத்தாள். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூபி," என்றார். வெகுகாலமாக அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் என்ன சொல்லிக் கத்திறனான்?"

சிவரூபினி கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.