ஜெபத்துக்குப் பேர்போன ஏலிக்குட்டி

ரான்னிக்குக் கிழக்கே எங்கள் மலைச்சரிவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே ஏலிக்குட்டிக்குத் தெரிந்துவிடும். விசா வராதவன், பிள்ளை தங்காதவள், மகன் குடிக்கிறானே என்று மருகுகிற அம்மா, எல்லோரும் அவள் அடுக்களை வாசலில் வந்து நிற்பார்கள். "ஏலிச் சேச்சி, நம்ம காரியம் ஒண்ணு சொல்லணுமே" என்பார்கள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் விளக்க மாட்டார்கள்.

இந்தப் பேர் அவளுக்கு ஜீப் ஓட்டும் போத்தனால் வந்தது. ஒரு ஜூன் மாத இடவப்பாதி மழையில் அவன் ஜீப் வழுக்கிப் பள்ளத்தில் இறங்க, பாதியில் ஒரு ரப்பர் மரம் அதைத் தாங்கிப் பிடித்தது. அந்த நேரம் ஏலிக்குட்டி முழங்காலில் இருந்தாளாம். வண்டியைப் பிடித்தது மரமா ஜெபமா என்றெல்லாம் போத்தன் ஆராயவில்லை. ஒரு குலை நேந்திரம்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு நேராக அவள் வீட்டுக்குத்தான் வந்தான்.

அவள் ஜெபத்தில் அலங்காரமே கிடையாது. காலையில் கணவன் ஈப்பனோடு ரப்பர் வெட்டி, பால் எடுத்து, ஷீட்டுக்காகத் தட்டில் உறைய ஊற்றிய பிறகு, அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் விறகு அறையில் ஒரு சாக்கை விரித்து முழங்கால் போடுவாள். "அந்த கிரேசியோட கால், கர்த்தாவே. வலதில்ல, இடது. செருப்பு நுழையாம வீங்கிக் கெடக்கு. ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறவ அவ" என்று ஆரம்பிப்பாள். ஆள் மாறிப் போய்விடக் கூடாது என்கிற கவலை குரலிலேயே தெரியும்.

"எடீ, வார்டு நம்பரையும் சேத்துச் சொல்லிடு. அங்க கோப்பு தேடறதுக்கு லேசா இருக்கும்" என்பான் ஈப்பன், வெளியே பீடியைப் பற்றவைத்தபடி.

"உங்க பேரைத்தான் சொல்றதே இல்ல, இச்சாயா. அங்க உங்களைத் தெரியாம இருக்கறதே நல்லது" என்பாள் அவள்.

அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஒரு போன் வாங்கி அனுப்பினாள். மகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது, அம்மாவின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். போன் வந்த மறுவாரமே ஏலிக்குட்டியைப் பள்ளியின் (எங்கள் பக்கம் சர்ச்சுக்குப் பேர் அதுதான்) வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். வாசலில் வந்து நின்றவர்கள் எல்லோரும் போனுக்குள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். யார் யாருடைய தலைவலியோ, ஆபரேஷனோ, யாரென்றே தெரியாத குவைத்துக்காரனின் வழக்கோ, எல்லாம் மழைக்கால ஈசல் மாதிரி வந்து விழுந்தன.

முதலில் ஒவ்வொன்றையும் படித்து, விறகு அறையில் போய்ச் சொன்னாள். பிறகு படித்ததும் கூப்பிய கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தாள். பிறகு முழுசாகப் படிக்கும் முன்பே கை போனது. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட ஆள் வேண்டும் என்று பள்ளி வேலைகளைப் பார்க்கும் கப்யார் போட்ட அறிவிப்புக்கு முதல் கூப்பிய கை இவளுடையது. நாளைக்குக் கரண்ட் இருக்காது என்ற செய்திக்கும் கூப்பினாள். யாரோ பன்றிக்குட்டி விற்பனைக்கு இருக்கிறது என்று போட்டதற்கும் கூப்பிவிட்டு, ஈப்பனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பெயர்களைப் பார்க்க வேண்டுமே என்று போனை விறகு அறைக்கும் எடுத்துப் போனதில்தான் எல்லாம் கெட்டது. முழங்கால் போடுவாள், போனைத் திறப்பாள். பெயர்களுக்கு முன்னால் ஒருத்தி பழுத்த பலாப்பழத்தை எண்ணெய் தொடாத கையால் உரித்துக் காட்டுவாள். அதற்கு அடுத்து கனடாவில் பனி தள்ளுகிற பாதிரியார் ஒருவர். அதற்கு அடுத்து இரண்டு பூனைகள். கால் மரத்துப் போன பிறகுதான் நினைவு வரும். முழங்கால் மட்டும் ஜெபித்துவிட்டு எழுந்திருக்கும். "ஐயோ" என்று சொல்லிக்கொண்டு, நாளைக்குச் சேர்த்துச் செய்துவிடலாம் என்று உலையைப் பார்க்கப் போவாள். அவளுக்கு அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றுகிறது?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஓமனா வந்தாள்.

ஓமனா சரிவின் கீழ்வீட்டுக்காரி. தையல்காரி. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஓமனாவின் நாக்கு கத்திரிக்கோலை விடக் கூர்மை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வருவாள், பிரசங்கம் நீண்டால் கொட்டாவி விடுவாள், ஜெபம் என்றால் "எனக்கு அது வராதுடி, நான் பேச ஆரம்பிச்சா சண்டையில முடியும்" என்பாள். அவள் வந்து அடுக்களைப் படியில் உட்கார்ந்து, பால் விடாத கட்டஞ்சாயா குடித்து முடித்த பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "வயித்துல ஒரு கட்டி இருக்காம். கெட்டதுதானாம்."

ஏலிக்குட்டி உலையை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குழுவுல போட்டுடாதே" என்றாள் ஓமனா. "எல்லாரும் கூப்பின கைய அனுப்பிட்டு கப்பக்கிழங்கு தின்னப் போயிடுவாங்க. எனக்கு அது வேண்டாம். நீ சொல்லு, போதும். நீ எப்பிடி விவரமா சொல்லுவியோ அப்பிடி."

"சொல்லாம இருப்பனாடி? தினமும் சொல்றேன்" என்றாள் ஏலிக்குட்டி. அதை அவள் மனசாரத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை முழங்கால் போட்டாள். "கர்த்தாவே, ஓமனா" என்றாள். பக்கத்தில் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஓமனாவாக இருக்குமோ என்று எடுத்தாள். ஓமனா இல்லை, யாரோ அனுப்பிய மீன் குழம்பு. அதைப் பார்த்து முடித்தபோது தட்டில் ஊற்றிய ரப்பர் பால் ஷீட் அடிக்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டிருந்தது. அதற்கு மறுநாளும் இதே கதைதான், குழம்பு மட்டும் வேறு.

கோட்டயம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓமனா செய்தி அனுப்பினாள்: "என்னைச் சொன்னியா?"

ஏலிக்குட்டியின் விரல் தானாகக் கூப்பிய கையை அனுப்பியது.

"கை வேண்டாம். சொன்னியா?"

"எல்லாம் சொன்னேன்" என்று அனுப்பினாள் ஏலிக்குட்டி. அனுப்பிவிட்டு விறகுக்குவியலில் சாய்ந்து அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் ஜெப விஷயத்தில் சொன்ன முதல் பொய் அது.

அதற்குப் பிறகு அவள் அந்தப் போனோடு நடத்திய மல்லுக்கட்டு ஊருக்கே தெரியும். அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். உடனே அரிசி அளக்க வேண்டிய வேலை அடிக்கடி வந்தது. "என்னடி, இன்னைக்குக் கல்யாண விருந்தா?" என்றான் ஈப்பன். அவனிடமே கொடுத்து வைத்தாள். அவன் அதில் யானை மிரண்டு ஓடுகிற காட்சியாகப் பார்த்துத் தள்ளினான். யானை பிளிறுகிற சத்தம் கேட்டு இவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பள்ளிப் பாதிரியாரான அச்சனிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனிதர், சின்ன வயசு. "ஜெப நேரத்துக்கு மணியடிச்சு நினைவுபடுத்தற மாதிரி போன்லயே வசதி இருக்கு, ஏலிச் சேச்சி. வச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே மேஜைமேல் அவருடைய போன் ஒளிர்ந்தது. அவர் கண் அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தது. பாவம், அவரும் என்ன செய்வார்.

கடைசியில் ஈஸ்டருக்கு முந்தின ஐம்பது நோன்பு வந்தது. ஊரே மீனையும் இறைச்சியையும் விட்டது. குடிகாரர்கள்கூட சாராயத்தை விட்டுவிட்டு உயிர்த்தெழும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏலிக்குட்டி போனை விட்டாள். மகளிடம் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரான பெருநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். "உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னாடி நான் காலைப் பிடிச்சுக் கேட்டாலும் தராதே" என்றாள். அவள் கேட்கப் போகவும் இல்லை. ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெயித்து என்ன? விறகு அறை பழையபடி அமைதியாக இருந்தது. சாக்கு இருந்தது, முழங்கால் இருந்தது. "கர்த்தாவே, ஓமனா" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் வராது. ஓமனா என்றதும் ஓமனா தைத்த ரவிக்கை நினைவு வரும், அதிலிருந்து ஒரு கழுத்து வெட்டு, அதிலிருந்து யாரோ ஒருத்தியின் கல்யாணம், அங்கிருந்து பாயசம். போனே இல்லாமல் மனசு தானாக ஒன்றைத் தள்ளி அடுத்ததைப் பார்த்தது. கட்டைவிரல் முந்தானையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஊற்றில் விழுந்த சருகை அள்ளிப் போட்டால் தண்ணீர் தெளிந்துவிடும் என்று நம்பியிருந்தாள். சருகை அள்ளிவிட்டுப் பார்த்தால் தண்ணீரே இல்லை. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ஊரில் ஜெபத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் எல்லோரும் இவளிடம்தான் வருவார்கள்.

இதற்குள் ஓமனாவை ஆஸ்பத்திரியில் இனி வைத்திருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏலிக்குட்டி போய்ப் பார்க்காமல் இல்லை. கஞ்சி கொண்டுபோவாள், துணி துவைத்துப் போடுவாள், சுற்றி ஆட்கள் இருக்கும்போதாகப் பார்த்துப் போவாள். தனியாக மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, எல்லா வீட்டிலும் கொழுக்கட்டை வேகிற நாள், ஓமனாவின் புருஷன் வந்து, "ஏலி, அவ உன்னைக் கூப்பிடறா. உன்னை மட்டும்" என்றான். ஏலிக்குட்டி தூக்குச்சட்டியில் நாலு கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

ஓமனா கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தாள். கண் மட்டும் பழைய கண். கொழுக்கட்டையைப் பார்த்து, "தேங்கா கம்மியா போட்டிருப்பே, நீ கஞ்சூஸ்" என்றாள். ஒரு துண்டை உதட்டில் வைத்துவிட்டு எடுத்துவிட்டாள்.

"போனை விட்டுட்டியாமே. எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"கேட்டப்ப சந்தோஷமா இருந்துச்சுடி. சரி, உக்காராதே. முட்டி போடு. சத்தமா சொல்லு. இத்தனை நாளா என்னைப் பத்தி அங்க என்ன சொல்லிட்டு இருக்கேன்னு நான் ஒரு தடவ கேக்கணும்."

ஏலிக்குட்டி கட்டிலோரம் முழங்கால் போட்டாள். ஒருமுறை, இந்த ஒரே ஒருமுறை வந்துவிட்டால் போதும் என்று கெஞ்சினாள். கண்ணை இறுக மூடினாள். "கர்த்தாவே" என்றாள். நின்றாள். மறுபடி "கர்த்தாவே" என்றாள்.

வந்துவிட்டது. எங்கிருந்தோ திரண்டு வந்தது. "மலையைப் பெயர்க்கும் கரமுடையவரே, கடலுக்குக் கதவு வைத்தவரே, உம்முடைய வல்லமை இந்த வேளையில் இறங்கட்டும். நோயின் கட்டுகள் அறுபடட்டும், கண்ணீரின் பாத்திரம் களிப்பின் பாத்திரமாகட்டும்" என்று அவள் குரல் ஏறியது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. உடம்பு சிலிர்த்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! சந்தோஷத்தில் கண்ணீர் கொட்டியது. "வறண்ட நிலத்தைப் பார்த்து நீர் சொல்லும்" என்று மூச்சு வாங்கினாள்.

"உன் மழை வழியில் இருக்கிறது என்று சொல்லும்" என்றாள் ஓமனா.

ஏலிக்குட்டி கண்ணைத் திறந்தாள். அவள் சொல்ல இருந்த அடுத்த வரி அதுதான், ஓர் எழுத்து மாறாமல்.

"எனக்கும் வந்துச்சு அது" என்றாள் ஓமனா. "துபாய்ல இருக்கற நாத்தனார் தினமும் காலைல அனுப்புவா. அந்த வீடியோல பிரசங்கி பேசறப்ப பின்னாடி பியானோ வாசிப்பாங்க."

ஏலிக்குட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பேரே வரலியேடி அதுல" என்றாள் ஓமனா. கோபமாக இல்லை. தையலில் பிசகு எங்கே என்று தேடுகிற மாதிரிக் கேட்டாள். "வயிறுன்னு ஒரு வார்த்தை இல்ல. நிஜத்தைச் சொல்லு. என்னை எத்தனை நாள் சொன்னே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஈப்பனாக இருந்தால் சொல்லியிருப்பான், அச்சனேகூடச் சொல்லியிருப்பார். ஏலிக்குட்டியால் முடியவில்லை. "ஒரு நாளும் சொல்லல, ஓமனா" என்றாள். "முதல்ல அதைப் பாத்துட்டே இருந்துட்டேன். அப்புறம் அதை விட்டேன். விட்டும் வரல. உன் பேரைச் சொல்லிட்டு நிக்கறேன், அதுக்கு மேல ஒண்ணும் வரல எனக்கு."

திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஏலிக்குட்டி காத்திருந்தாள்.

"நீ பாத்துக்குவேன்னு நான் கர்த்தர்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லாம இருந்துட்டேன்டி" என்றாள் ஓமனா. "எனக்குத் தெரிஞ்ச மாதிரி சண்டை போட்டாவது கேட்டிருப்பேன்."

பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஏலிக்குட்டி எழுந்திருக்கவும் தெரியாமல் முழங்காலிலேயே இருந்தாள். ஓமனாவின் புருஷன் எட்டிப் பார்த்தான். ஜெபம் நடக்கிறது என்று நினைத்து, தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வாசலிலேயே சத்தம் போடாமல் நின்றான்.